ரைன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வா

பாசல்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. செல்வியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததும், நீ பள்ளிக்கூடத்துக்கு விடை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டதும் அறிந்து நிறைவாக இருக்கிறது. வரலாற்று வகுப்பில் நின்றுகொண்டே காலத்தைக் கழித்தவனுக்கு இனிமேல்தான் நடக்க நேரம் கிடைக்கும். இங்கே எல்லோரும் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. தாத்தாவின் விரல்தான் அவளுக்குப் பயிற்சிக் களம். என் முழங்கால் படியேறும்போது மட்டும் முனகுகிறது.

மதினியோடு ஐரோப்பா வருகிறேன் என்று எழுதியதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கூடவே நீ வைத்திருந்த பயண நிறுவனத்தின் தாளையும் படித்தேன். 12 நாள், 9 நாடு. இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம் என்று கேட்டிருக்கிறாய். மொத்தமாக விட்டுவிடு. காரணம் சொல்கிறேன்.

ஐரோப்பாக் கண்டத்தின் பரப்பு சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல மூன்று மடங்கு. அதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை ரஷ்யாவின் மேற்குப் பகுதியே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நான் இருக்கும் சுவிட்சர்லாந்து 41,285 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெல்ஜியம் கால் பங்குக்கும் குறைவு. அதனால் இங்கே எத்தனை நாடு பார்த்தோம் என்ற கணக்கு எதையும் சொல்லாது. எங்கள் ஊரில் 8ஆம் எண் டிராமில் ஏறினால் ஜெர்மனியில் இறங்கலாம், 3ஆம் எண்ணில் ஏறினால் பிரான்ஸில் இறங்கலாம். மூன்று நாடு வேண்டுமென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி மாலைக் காப்பிக்குத் திரும்பிவிடலாம்.

இந்தக் கண்டத்தை உண்மையில் பிரித்ததும் சேர்த்ததும் மலையும் ஆறும்தான். ஆல்ப்ஸ் மலையின் நடுவில் கோட்ஹார்ட் என்று ஒரு பகுதி. ரைன், ரோன், திச்சீனோ மூன்றும் அதைச் சுற்றித்தான் பிறக்கின்றன. ரைன் வடகடலுக்குப் போகிறது, ரோன் மத்தியதரைக் கடலுக்கு, திச்சீனோ போ ஆற்றோடு சேர்ந்து வெனிஸ் பக்கத்துக் கடலுக்கு. அந்த மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் சுரங்கம் தோண்டி 2016இல் திறந்தார்கள். வடக்கே மேகத்தில் நுழையும் ரயில் தெற்கே வெயிலில் வெளிவருவது அடிக்கடி நடக்கும். அந்தப் பக்கம் லுகானோவில் ஏரிக்கரையெல்லாம் பனை வகை மரங்கள், பேச்சு இத்தாலியன். நாடு மாறவில்லை, மலை குறுக்கே வந்ததும் மற்றதெல்லாம் மாறிவிட்டது.

ஆகவே என் யோசனை இதுதான்: ரைன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு வா. நீளம் சுமார் 1,230 கிலோமீட்டர், காவிரியைப் போல ஒன்றரை மடங்கு. சுவிட்சர்லாந்து, லிக்டென்ஸ்டைன், ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து என்று ஆறு நாடுகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. எண்ணிக்கையே வேண்டும் என்றாலும் அதற்கும் குறைவில்லை. ஜூரிக்கில் இறங்கி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடு. வந்த வழியே திரும்பி வர ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

முதலில் ஓபரால்ப் கணவாய். சிவப்பு நிறச் சின்ன ரயில் 2,000 மீட்டருக்கு மேலே உன்னைக் கொண்டுபோய் விடும். ஸ்டேஷன் பக்கத்திலேயே, அந்த மலை உச்சியில், ஒரு சிவப்புக் கலங்கரை விளக்கம் நிற்கிறது! ரைன் கடலில் சேரும் ஹூக் ஃபான் ஹாலண்டில் இருந்த விளக்கத்தின் சின்ன நகல் அது. ஆற்றின் முடிவில் இருந்ததை ஆற்றின் தொடக்கத்தில் நட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நடந்தால் தோமா ஏரி, அதைத்தான் ரைனின் மூலம் என்பார்கள். பாதை கரடுமுரடு; மதினிக்குக் கால் ஒத்துழைத்தால் மட்டும் போகலாம். இல்லையென்றால் ரயில் ஜன்னலே போதும். கீழே இறங்கும் வழியெல்லாம் ஓடை ஓடையாகத் தண்ணீர் சேர்ந்து ஆறாவதைப் பார்த்துக்கொண்டே வரலாம்.

அடுத்து கான்ஸ்டன்ஸ் ஏரி. 63 கிலோமீட்டர் நீளம், மூன்று நாட்டுக் கரைகள். அந்தப் பெரிய நீர்ப்பரப்பில் எல்லைக்கோடு எங்கே என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு உலகப் போர்களைப் பாடம் நடத்தியவன் நீ, படகில் நின்று இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பார். ஏரியை விட்டு ஆறு வெளியேறும் கான்ஸ்டன்ஸ் பாலத்தில் சுழியம் கிலோமீட்டர். அங்கிருந்து கடல்வரை கரையில் எண் பலகைகள் உண்டு; எங்கள் ஊர் 167 பக்கம், கொலோன் 688. ஷாஃப்ஹவுசன் அருவி 23 மீட்டர் உயரம்தான். குற்றாலம் பார்த்த கண்ணுக்கு உயரம் பெரிதாகத் தெரியாது, ஆனால் அகலம் 150 மீட்டர். ஒரு முழு ஆறு அப்படியே கவிழ்கிறது.

பாசலில் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், இதில் பேச்சே கிடையாது. இங்கே உனக்குக் காட்ட வேண்டியது ஒன்று இருக்கிறது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றி நீ மாணவர்களோடு சேர்ந்து மனு எழுதி எழுதி ஓய்ந்துபோனதாகச் சொன்னாய் அல்லவா? 1986 நவம்பர் 1ஆம் தேதி விடியுமுன்னே எங்கள் ஊருக்கு வெளியே ஒரு இரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிமருந்தெல்லாம் ஆற்றில் கலந்து, ரைன் சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் பல நூறு கிலோமீட்டருக்குச் செத்து மிதந்தன. ஆறு செத்துவிட்டது என்றே எழுதினார்கள். அடுத்த ஆண்டே கரையோர நாடுகள் கூடி ஒரு செயல்திட்டம் போட்டன. ஆலைக் கழிவுக்கும் நகரக் கழிவுக்கும் சுத்திகரிப்பு கடுமையாக்கப்பட்டது. இன்றைக்குக் கோடையில் பாசல்காரர்கள் வேலை முடிந்து, உடுப்பை நீர்ப்புகாப் பையில் சுருட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தோடு மிதந்தே வீட்டுப் பக்கம் போகிறார்கள். குறுக்குத்துறைப் படித்துறையில் நாம் விழுந்து கிடந்த சாயங்காலங்கள் மாதிரியே இருக்கும். அழிந்த ஆற்றை மீட்க முடியும் என்பதற்கு நான் தினமும் பார்க்கிற சாட்சி இது. ஏலே, நீ மனு எழுதுவதை நிறுத்தாதே.

பாசலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள். பிரான்ஸும் ஜெர்மனியும் மாறி மாறிப் பிடித்த ஊர். 1871க்கும் 1945க்கும் இடையில் நான்கு முறை கை மாறியது. அங்கே ஆற்றுக்கு மேலே டிராம் ஓடி ஜெர்மனியின் கேல் நகரில் போய் நிற்கிறது. அதிலும் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திரு. எல்லையில் சுங்கச்சாவடி மாதிரி எதுவும் தெரியாது என்றாலும், ஜெர்மனி 2024இலிருந்து தன் நில எல்லைகளில் மறுபடி சோதனை செய்கிறது.

மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் போகும்போது இடது கரை ரயிலில் ஏறி, போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலில் உட்கார். பிங்கனைத் தாண்டியதும் ஆறு மலையிடுக்கில் நுழையும். இரண்டு கரையிலும் திராட்சைச் சரிவு, மேலே கோட்டை கோட்டையாக வரும். படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கத்தான் பல கோட்டைகளைக் கட்டினார்கள். புத்தகத்தில் நீ சொல்லிக்கொடுத்த நிலப்பிரபுத்துவம் கல்லாக நிற்கும். நேரம் இருந்தால் இந்தத் தூரத்தைப் படகிலேயே வா. கோப்லென்ஸில் மோசல் ஆறு வந்து சேர்கிறது. ஷெங்கன் என்ற கிராமம் அந்த மோசல் கரையில், லக்சம்பர்க்கில் இருக்கிறது. 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற ஒரு கப்பலில்தான் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் உடன்பாட்டில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. இன்று அதில் 29 நாடுகள்.

கொலோனில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பேராலயம், 157 மீட்டர். 1248இல் தொடங்கி, நடுவில் ஏறக்குறைய 300 ஆண்டு நின்றுபோய், 1880இல் முடித்தார்கள். மதினிக்கு அதைவிட ஹாம் ஊரின் காமாட்சி அம்பாள் கோயில் பிடிக்கும். ஈழத்தமிழர்கள் கோபுரத்தோடு எழுப்பி 2002இல் குடமுழுக்கு செய்தது. கொலோனிலிருந்து ரயிலில் ஒரு காலையில் போய்விட்டு வரலாம்.

நெதர்லாந்தில் ரைன் பல கிளையாகப் பிரிந்துவிடும். பெரிய கிளைகள் ரோட்டர்டாம் பக்கம் போக, பழைய ரைன் என்ற மெல்லிய கால் லெய்டன் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஆமாம், நம் லெய்டன் செப்பேடுகளுக்குப் பேர் கொடுத்த லெய்டன்! நாகப்பட்டினத்து விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த சாசனத்தைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்திருப்பாய். அந்த ஊர்க் கால்வாய்க் கரையில் நீ நிற்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இனி நடைமுறை. ஷெங்கன் நாடுகளுக்கெல்லாம் ஒரே விசாதான்; எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறாயோ அந்த நாட்டிடம் அதைக் கேட்க வேண்டும்; உன் கணக்கில் அது சுவிட்சர்லாந்து. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி நாள்வரை இழுக்காதே. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2025 அக்டோபரில் ஆரம்பித்த புதிய முறைப்படி எல்லையில் விரல் ரேகையும் முகப் படமும் எடுப்பார்கள். வரிசையில் பொறுமை வேண்டும். லண்டனும் டப்ளினும் இந்த விசாவில் அடங்காது. சுவிட்சர்லாந்தில் யூரோ இல்லை, பிராங்க். ஜெர்மனியின் விலைப்பட்டியலில் 3,50 என்றால் மூன்றரை என்று படி.

ஞாயிற்றுக்கிழமை இங்கேயும் ஜெர்மனியிலும் கடைகள் அநேகமாக மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள். ஜெர்மன் ரயில்கள் தாமதமாகும். வண்டி மாறும் இடங்களில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. ஊர்ச் சதுக்கத்துக் குழாய்களில் தண்ணீர் பிடித்துக் குடிக்கலாம், குடிக்கக்கூடாது என்றால் பலகை இருக்கும். சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது, உருளைக்கிழங்குப் பண்டங்களில்கூடப் பன்றிக் கொழுப்புத் துணுக்கு போடுவார்கள். 'ஸ்பெக்' வேண்டாம் என்று மதினியைச் சொல்லப் பழகச் சொல். நம் ஊர் மூன்று முள் பிளக் எங்கேயும் நுழையாது.

மாதம் எது என்று கேட்டாயே. எங்கள் ஊர் மங்கோலியாவின் உலான்பாதர் இருக்கும் அட்சரேகைக்கு ஏறக்குறைய நேர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேல்காற்றும் வெந்நீரோட்டமும் காப்பாற்றுவதால் அந்தக் குளிர் இல்லை, ஆனால் எந்த மாதத்திலும் மழை உண்டு. ஜூனில் கொலோனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். செப்டம்பர் முதல் பாதி எனக்குப் பிடித்தது: ஓபரால்ப் பாதையில் பனி கரைந்திருக்கும், ஆற்றுச் சரிவில் திராட்சை பழுத்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டமும் குறைந்திருக்கும்.

மதினியிடம் கலந்து தேதியைச் சொல். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுகிறேன். வரும்போது வேறெதுவும் சுமக்க வேண்டாம், கொஞ்சம் சுக்குக் கருப்பட்டி மட்டும் போதும்.

அன்புடன்,
முத்தையா