கோபுரத்தை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதமும், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலின் பழைய படங்களின் நகல்களும் கிடைத்தன. பின்பக்கத்தில் எதுவும் எழுதாத படங்களுக்கு எப்படி ஆண்டு கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய்.

யாராக இருந்தாலும் கண் முதலில் அந்த ஊரின் எஃகுக் கோபுரத்துக்குத்தான் போகும். ஆனால் 518 அடி 9 அங்குலம் உயர்ந்து நிற்கும் அது, ஆண்டைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். 1894 மே 14-இல் திறந்தார்கள். வேலை பாதியில் நிற்கிற படம் என்றால் அதற்கு முந்தைய இரண்டொரு ஆண்டு. உப்புக்காற்றில் துருவேறிய எஃகை 1921–24-இல் மாற்றினார்கள். உருவம் மாறவில்லை என்பதால் தூரத்துப் படங்களில் அதைக் கண்டுகொள்ள முடியாது.

கோபுரத்துக்குப் பின்னால் ஊருக்குள் ராட்சத ராட்டினம் தெரிகிறதா பார். விண்டர் கார்டன்ஸ் என்ற கேளிக்கை வளாகத்தில் 1896-இல் வந்தது, 1928-இல் பிரித்துவிட்டார்கள். அடுத்து, கடற்கரைச் சாலையின் டிராம் தண்டவாளம். 1885-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்கடியில் இருந்த குறுகிய கால்வாயில் பதித்த மின்கடத்தியிலிருந்து மின்சாரம் எடுத்தது. மணலும் கடல்நீரும் அதில் புகுந்து ஓயாத தொல்லை. 1899-இல்தான் மேலே கம்பி இழுத்தார்கள். ஆகவே ராட்டினம் இருந்து, கம்பிக் கம்பம் இல்லாவிட்டால் படம் 1896-க்கும் 1899-க்கும் இடைப்பட்டது. இதைவிட நெருக்கமான கணக்கு வேறெதிலும் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை: அஞ்சலட்டை அச்சிட்டவர்கள் படம் 'சுத்தமாக' இருக்கட்டும் என்று கம்பிகளை அழித்துவிடுவதுண்டு. கம்பியை நம்பாதே, கம்பத்தைத் தேடு. கம்பத்தையும் அழித்திருந்தால் தரையில் அதன் நிழல் தப்பியிருக்கலாம். பத்து மடங்கு உருப்பெருக்கி வைத்துப் பார். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு, புள்ளியில்லாமல் நிறம் இழைந்து போனால் பெரும்பாலும் அசல் புகைப்படம்.

அஞ்சல் முத்திரை அனுப்பிய நாளைத்தான் காட்டும். பழைய படத்தையே பல ஆண்டு விற்றார்கள், அதனால் 1930 முத்திரையுள்ள அட்டையில் ராட்டினம் இருந்தாலும் திகைக்காதே. பிரிட்டனில் அஞ்சலட்டையின் பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்கும் எனப் பிரிந்தது 1902-இல். அட்டைக்கான கட்டணம் 1918 ஜூனில் அரை பென்னியிலிருந்து ஒரு பென்னி ஆனது.

ஒட்டும் பக்க ஆல்பத்தில் சிக்கியிருக்கும் படங்களைப் பிடித்து இழுத்துவிடாதே. மூலை கிழியும், அல்லது தாள் வளைந்து மேல்பூச்சு வெடிக்கும். மெழுகு தடவாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் செலுத்தி, அறுப்பதுபோல் மெல்ல மெல்ல நகர்த்து. அசையவில்லையென்றால் விட்டுவிடு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய். ஆவி காட்டுவது கூடவே கூடாது, ஈரத்தில் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு இளகிவிடும். கருமையான இடங்களில் நீலப் பளபளப்புத் தெரிகிறதே, அது அழுக்கு அல்ல, படத்திலுள்ள வெள்ளியே மேற்பரப்புக்கு ஏறி வந்தது. துடைக்காதே.

ஆண்டை எழுதுவதானால் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல்.

மூன்றாவது படத்தில் கோபுரத்தடியில் ஒரு டிராம் மங்கலாக நிற்கிறது. அந்த மூலையை மட்டும் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் எடுத்து அனுப்பு. கம்பம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்