ரசீதில் பிள்ளையின் பெயர்

வெள்ளவத்தை
28.12.2025

அன்பு மகளுக்கு,

நீயும் மருமகனும் சின்னவனும் நல்ல சுகம்தானே. ரொறன்ரோவில் பனி கொட்டுகிறது என்று செய்தியில் காட்டினார்கள். பிள்ளையை வெளியில் கொண்டு போகும்போது காதை மூடிக் கொண்டு போ. இங்கே நாங்கள் சுகம். திருவெம்பாவை தொடங்கிவிட்டதால் அம்மா விடியமுன்னமே எழும்பிக் கோயிலுக்குப் போய்விட்டா. வீடு அமைதியாக இருக்கிறது, எழுத வசதி.

போன கிழமை போனில் நீ கேட்டாய்: "பென்சன் வருகுது, முழங்கால் உளைவு வேற. பிறகேன் அப்பா இன்னும் அந்தச் சங்கீதக் கந்தோருக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறீங்கள்?" வீட்டில் சும்மா இருக்க ஏலாது என்று சொல்லிவிட்டு நான் கதையை மாற்றினேன். அது பொய்யில்லை, ஆனால் அது பதிலும் இல்லை. சரியான பதில் போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

பத்து நாளுக்கு முன், பிள்ளைகளுக்கு இலவசமாகச் சங்கீதம் படிப்பிக்கிற எங்கள் அமைப்பின் வருஷக் கடைசிக் கூட்டம் நடந்தது. எல்லா வருஷமும் ஒரே மாதிரித்தான் போகும். எத்தனை பிள்ளைகள், வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் எத்தனை பேர் சித்தி, அடுத்த வருஷம் யார் காசு தருவார்கள், பிறகு பற்றிஸும் தேத்தண்ணியும். இந்த முறை பணிப்பாளர் பைலை மூடி ஒருபக்கம் வைத்துவிட்டு, "இந்த வருஷம் உங்கட மனசில நிக்கிறது எது? ஆளுக்கு ஒண்டு சொல்லுங்கோ, அறிக்கை வேண்டாம்" என்றா. ஆசிரியர்கள் மட்டுமில்லை, வான் ஓட்டுகிறவரும் கூட்டித் துடைக்கிற அக்காவும் சொல்ல வேண்டும் என்று அவர்களையும் மேசைக்குக் கூப்பிட்டு இருத்தினா.

எல்லோரும் ஒக்டோபர்க் கச்சேரியைத்தான் சொல்வார்கள் என்று நான் நினைத்தேன். தமிழ்ச் சங்கத்துச் சங்கரப்பிள்ளை மண்டபம் நிறைந்து, கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்று கேட்ட கச்சேரி அது. பத்திரிகையில் படமும் வந்தது. மேசையைச் சுற்றி ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

முதலில் வாய்ப்பாட்டு ரீச்சர். முகத்துவாரம் வகுப்பில் ஒரு பொடியன், பதினாலு வயது, நல்ல கணீரென்ற குரல். தை மாதம் போல அவனுக்கு மகரக்கட்டு, அதுதான் குரல் உடைகிறது, தொடங்கிவிட்டது. மேல் சட்ஜம் எடுக்கப் போனால் குரல் பிளந்து வேறெங்கோ போகும், பெட்டைகள் சிரிப்பார்கள். அவன் பாடுவதை நிறுத்திவிட்டான். ஆனால் வகுப்பை விடவில்லை. பின் வரிசையில் இருந்து தாளம் மட்டும் போட்டுக்கொண்டு மாதக்கணக்காக இருந்தான். ரீச்சர் ஒரு நாளும் அவனைப் பாடு என்று வற்புறுத்தவில்லையாம். ஆவணி மாதம் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, பெட்டைகளுக்கு வைக்கும் ஐந்து கட்டை உயரத்தில் இருந்து சுருதிப் பெட்டியை ஆம்பிளைக் குரலுக்கான ஒரு கட்டைக்கு இறக்கி வைத்தா. ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்தச் சுருதியைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை, பாலர் வகுப்பில் முதல் நாள் படிக்கிற அதே ஸரிகமபதநிஸ, அதை ஒரு பெரிய ஆம்பிளைக் குரலில் பாடினானாம். "அவன்ர புதுக் குரலை அவனே அண்டைக்குத்தான் முதன்முதலாக் கேட்டவன்" என்று சொல்லி ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

வயலின் ரீச்சருடையது சின்னது. கொட்டாஞ்சேனை வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, சேர்ந்து ஒரு வருஷமும் ஆகவில்லை. ரீச்சர் பாடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கி, "ரீச்சர், உங்கட பஞ்சமத் தந்தி இறங்கிப் போச்சு" என்றதாம். பார்த்தால் உண்மையாகவே இறங்கித்தான் இருந்தது. இருபது வருஷமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு முன் அந்தப் பிள்ளையின் காது பிடித்துவிட்டது. இதைச் சொல்லும்போது ரீச்சருக்கு இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் வான் ஓட்டுகிற அண்ணை சிங்களவர். தமிழ் நன்றாக விளங்கும், கதைக்கக் கொஞ்சம் கூச்சம். ஒரு பின்னேரம் மருதானையில் வாகனங்கள் அசையாமல் நின்றபோது பக்கத்து சீற்றில் இருந்த பொடியன் அவருக்கு ஆதி தாளம் காட்டிக் கொடுத்திருக்கிறான். தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. மொத்தம் எட்டு. இப்போது நெரிசலில் நிற்கும் நேரமெல்லாம் அவர் தொடையில் அதைத்தான் போடுகிறாராம். சொல்லிவிட்டு எங்கள் முன்னாலேயே மேசையில் இரண்டு ஆவர்த்தனம், இரண்டு முழுச் சுற்று, போட்டுக் காட்டினார். வீச்சில் ஒன்றும் பிசகவில்லை. மிருதங்க மாஸ்ரர் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எங்களில் மூத்த சங்கீத ரீச்சர் வானொலியைப் பற்றிச் சொன்னா. இந்த டிசம்பர் 16ஆம் திகதி இலங்கை வானொலிக்கு நூறு வயது. 1925இல் அந்த நாளில்தான் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. இளம் வயதில் தம்புராவோடு பஸ் ஏறி அங்கே குரல் தேர்வுக்குப் போனதை அவ பிள்ளைகளுக்குச் சொல்ல, "பிழைச்சால் அழிச்சுப்போட்டுத் திரும்பப் பாடலாமோ ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாளாம். நேரடி ஒலிபரப்பில் அழிக்க முடியாது என்றதும் வகுப்பே வாயடைத்துப் போய், அடுத்த பாட்டை ஒருவரும் நடுவில் நிறுத்தாமல் பாடி முடித்ததாம்.

மிருதங்க மாஸ்ரர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேணும். அவர் இணுவிலில் பிறந்தவர். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை நேரில் கேட்டதைத் தகப்பன் சொல்லச் சொல்ல வளர்ந்தவர், தோல் வாத்தியம் என்றால் அவருக்கு உயிர். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்ததை நீ அங்கிருந்து பார்த்துப் பதறினாய். களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் ஏறியபோது எங்கள் வகுப்பறைக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் செத்த வெள்ளம். அதற்குள் நாங்கள் வாத்தியங்களுக்காக அழுதோம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, பிள்ளைகள் எல்லோரும் தப்பியதே பெரிது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு மாஸ்ரர் போய்ப் பார்த்தபோது மிருதங்கங்கள் சேற்றுக்குள் கிடந்தன. வலது பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்கிற நடுக் கறுப்பு வட்டம் ஊறிப் பெயர்ந்து, தோலை இழுத்துக் கட்டும் வார் எல்லாம் நூல் மாதிரி இளகிப்போய். ஒரு பெற்றார் நல்ல எண்ணத்தில் அவற்றைத் தூக்கி வெயிலில் அடுக்கியிருந்தார். மாஸ்ரர் ஓடிப்போய் நிழலுக்கு மாற்றினார். பலாக் கட்டை தண்ணீரைத் தாங்கும், ஆனால் ஊறிய கட்டை கடும் வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். தோலை மாற்றலாம், வெடித்த கட்டையை என்ன செய்வது?

முதல் மிருதங்கத்துக்குப் புதுத் தோல் மூட்டிக் கொண்டுவந்த அன்று, வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் பறிகொடுத்த பொடியன் ஒருவன் வகுப்புக்கு வந்திருந்தான். புதுக் கரணை, கருந்தூளும் சோறும் குழைத்து மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. மாஸ்ரர் கல்லையும் மரக்குச்சியையும் அவன் கையில் கொடுத்து, நீயே சுருதி சேர் என்றார். அவன் அவசரப்படவில்லை. இடது பக்கத் தோலான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பினான். வலந்தலை விளிம்பில் ஒரு தட்டு, காது கொடுப்பு, மட்டையைச் சுற்றி அடுத்த இடத்தில் ஒரு தட்டு. அரை மணித்தியாலம் போல் எடுத்தான். பிறகு தலையைத் தூக்கி, "இப்ப சரி மாஸ்ரர்" என்று சொல்லித்தான் வாசித்தானாம். "வீட்டைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லேல்ல" என்றார் மாஸ்ரர். அவருக்கு அதற்கு மேல் கதை வரவில்லை.

மகள், இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வருஷ அறிக்கையில் நான் எழுதுவது பிள்ளைகளின் தொகை, வகுப்பு மணித்தியாலம், சித்தியடைந்தவர்கள், வரவு செலவு. அந்தப் பொடியன் பின் வரிசையில் பாடாமல் இருந்த மாதங்களுக்கும் அறை வாடகை கட்டினோம், ரீச்சருக்குச் சம்பளம் கொடுத்தோம், கரண்ட் பில் வந்தது. காசு கட்டிப் படிக்கிற வகுப்பாக இருந்திருந்தால் தகப்பன் மூன்றாம் மாதமே நிறுத்தியிருப்பார், அவரையும் குறை சொல்ல ஏலாது. பிள்ளைக்காக அவசரமில்லாமல் காத்திருக்கிறதற்குக் காசு வேண்டும், அந்தக் காசைத் தேடித் தருகிறதும் காக்கிறதும்தான் எங்கள் அமைப்பின் வேலை. கச்சேரியைப் பார்த்து நன்கொடை தருகிறார்கள், சந்தோஷம். ஆனால் அந்த நன்கொடையில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புக்குத்தான் போகிறது. அந்த வவுச்சர்களில் கையெழுத்து வைக்கும்போது எனக்கு ஒரு நாளும் கை தயங்கியதில்லை.

என் முறை வந்தது. நான் ரசீதைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்று உனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தாய், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவ, சித்திரை மாதம் கந்தோருக்கு வந்து இருநூறு ரூபாய் நீட்டினா. வேண்டாம் அம்மா, இது இலவசம் என்றேன். "தெரியும் ஐயா. ஆனா நான் குடுக்கோணும்" என்றா. சரியென்று ரசீதுப் புத்தகத்தை எடுத்து அவவின் பெயரைக் கேட்டேன். தன் பெயர் வேண்டாம், மகளின் பெயரைப் போடுங்கோ, பக்கத்தில் வயலின் என்றும் எழுதுங்கோ என்றா. எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து மெதுவாக வாசித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சின்னப் பேர்சில் வைத்தா. விரல் நுனியில் மா ஒட்டியிருந்தது, ரசீதில் அதன் வெள்ளை கொஞ்சம் படிந்தது. அதிலிருந்து மாதம் தவறாமல் வருகிறா. சில மாதம் நூறு, சில மாதம் ஐம்பது. புயல் மாதமும் வந்தா. பெரிய கம்பனிகளின் காசோலைகளுக்கும் நான்தான் ரசீது எழுதுகிறேன். இவவுக்கு எழுதுகிறபோது கையெழுத்து வடிவாக வர வேண்டும் என்று தனிக் கவனம் எடுப்பேன்.

இதுதான் நான் போகிறதுக்குக் காரணம். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன், ஓட்டோவில்தான் போகிறேன், நீ யோசிக்காதே.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சாப்பிட்டாயா, குளிரா, சின்னவன் நித்திரையா என்பதோடு எங்கள் போன் கதை முடிந்துவிடுகிறது. நீ ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஆட்களைத் திரும்ப நடக்கப் பழக்குகிறாய். அதில் இந்த வருஷம் உன் மனதில் நிற்பது எது? ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது அதைச் சொல்லு. நேரம் போனாலும் பரவாயில்லை, அம்மாவையும் பக்கத்தில் இருத்தி வைத்துக் கேட்கிறேன்.

ஏப்ரலில் வரும்போது முடிந்தால் வயலின் தந்தி கொஞ்சம் வாங்கி வா. கடல் காற்றுக்கு இங்கே சீக்கிரம் துருப் பிடிக்கிறது, மெல்லிய தந்திதான் கூட அறுகிறது. எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது அரை அளவும் முக்கால் அளவும். பெட்டியில் அளவைப் பார்த்து வாங்கு, முழு அளவுத் தந்தி சின்ன வயலினுக்குச் சரிவராது. பில்லையும் மறக்காமல் கொண்டு வா, கணக்கில் போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா