புரியாததற்குத் தலையாட்ட வேண்டாம்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ வியட்நாமின் டா நாங்கிலிருந்து பேசியபோது, மொழி தெரியாத நாட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஊர்க்காரர்களோடு ஒரு சிரமமும் இல்லை அப்பா, இவளோடுதான் ஒத்துப்போகவில்லை” என்று தாழ்ந்த குரலில் சொன்னாய். உன் தோழி பக்கத்துக் கட்டிலில் இருந்ததால் நானும் மேலே கேட்கவில்லை. காலையில் உன் அம்மாவிடம் சொன்னேன். “ஊர் திரும்பியதும் அவர்களே பேசிக்கொள்வார்கள், நீங்கள் நடுவில் போகாதீர்கள்” என்றாள். ஆனால் உங்களுக்கு இன்னும் வட வியட்நாம் முழுவதும் பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் தடத்தில் நடத்துநராகக் கழிந்தது. அந்தத் தடத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே வண்டியில் ஏறும். டிக்கெட் கிழிக்கிற அளவுக்கு நான்கிலும் நாங்கள் தேறிவிடுவோம். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கிய பிறகுதான் சிரமம் வந்தது. “பஸ் ஸ்டாண்டா?” என்றால் தலையாட்டுவார்கள், “சிப்காட்டா?” என்றாலும் அதே தலையாட்டல்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்கிறவன் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும் என்ற பதற்றத்தில் கழுத்து தானாகவே ஆடிவிடும். ஆகவே ‘ஆமாம்’ என்று தலையாட்டித் தப்பிக்கக்கூடிய கேள்வியையே நான் கேட்பதில்லை. இரண்டு விரல்களை நீட்டி, ஒன்றுக்குப் பஸ் ஸ்டாண்ட் என்றும் மற்றதற்குச் சிப்காட் என்றும் பெயர் சொல்லி, எந்த விரல் என்று தொடச் சொல்வேன். தொட்ட விரலுக்குத்தான் டிக்கெட்.

இப்போது நீங்கள் அந்தப் பிள்ளைகளின் இடத்தில் இருக்கிறீர்கள். கேட்க வேண்டியவர்களும் நீங்கள்தான். “இந்த வண்டி ஹுவே போகுமா?” என்று கேட்டால், உங்களை ஏமாற்ற விரும்பாதவர்கூடச் சிரித்துத் தலையசைத்துவிடக் கூடும். இரண்டு ஊர்ப்பெயர்களை எழுதிக் காட்டி, விரலை வைக்கச் சொல். வாயால் சொல்லிப் பார்ப்பதைவிட எழுத்தைக் காட்டுவதே அங்கே பாதுகாப்பு. பார்வைக்கு ஆங்கில எழுத்தாகத் தோன்றினாலும், மேலும் கீழும் இட்ட குறிகளைக் கொண்டுதான் அந்த மொழியின் ஆறு தொனிகளும் பிரிகின்றன. அவற்றை விட்டுவிட்டு நாம் வாசித்தால் கேட்பவருக்கு அது வேறு சொல். முகவரியில் வீட்டு எண்ணுக்கு நடுவே சாய்கோடு இருந்தால், அந்த வீடு பெரிய தெருவில் இல்லை, அந்த எண்ணில் பிரியும் சந்துக்குள் இருக்கிறது என்று பொருள்; பையைச் சுமந்துகொண்டு தெருவின் மேலும் கீழும் அலைய வேண்டாம். இன்னொன்று, நம் ஊர்ப் பக்கவாட்டுத் தலையசைப்பைச் சம்மதம் என்று அங்கே யாரும் எடுத்துக்கொள்வது சந்தேகம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நடத்துநராக இருந்ததற்கே அர்த்தமில்லை. அங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம். மங்கிய வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பெரிய நோட்டைச் சிறிய நோட்டுகளோடு ஒரே மடிப்பில் வைக்காதீர்கள். கடைக்காரர் ஐம்பது என்றால் ஐம்பதாயிரம் என்று கொள்ள வேண்டும். ஆயிரத்தைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி உன் தோழியின் விஷயம். நா ட்ராங்கிலிருந்து இரவு ரயிலில் படுக்கை இல்லாமல் உட்கார்ந்தே வந்ததில் தொடங்கியது என்றாய். “நான் கேட்டேன் அப்பா, அவளும் சரி என்றாள், விடிந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்” என்பது உன் வாதம். அந்தச் ‘சரி’ எப்போது வந்தது என்று யோசித்துப் பார். பகலெல்லாம் வெயிலில் நடந்து, சாப்பிடாமல், டிக்கெட் சன்னலில் உங்களுக்குப் பின்னால் வரிசை நிற்கும்போது, “உட்கார்ந்தே போய்விடலாமா?” என்று நீ கேட்டிருப்பாய். அதற்கு அவள் வேறென்ன சொல்வாள்? அது ஓசூர் வண்டியில் நான் பார்த்த தலையாட்டல்தான். வியட்நாம்காரரிடம் மூன்று முறை சைகை செய்து உறுதிப்படுத்திக்கொள்கிற நீ, தமிழ் பேசுகிறவளிடம் ஒரு முறை கேட்டதே அதிகம் என்று நினைத்துவிட்டாய். உட்காருவதா படுப்பதா, எது, என்ன விலை, எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று அவளிடம் கேட்டு, அவள் வாயால் ஒன்றைச் சொன்ன பிறகு பணத்தைக் கொடு. அதுவும் சாப்பிட்ட பிறகு கேள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பர்கூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் கன்னடமும் பேசி வளர்ந்த பெண் அவள். நம் வீட்டுக்கு வந்தால் அம்மாவை அடுக்களையில் வேலை செய்ய விடாமல் பேசிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் அங்கே வாய் திறவாமல் உன் பின்னால் நடக்கிறாள் என்றால், மொழி தெரியாதது மட்டும் காரணமாக இருக்காது. சிம் கார்டு உன் கைபேசியில் மட்டும் இருக்கிறது. மொழிபெயர்க்கும் செயலி உன்னிடம், வரைபடம் உன்னிடம், கிராப் வாடகை வண்டியை அழைப்பதும் நீ. அவளுக்கு இருந்த மூன்று மொழிகளும் அங்கே செல்லாமல் போயின. நான்காவதாக உதவியிருக்கக்கூடிய கைபேசியும் அவள் கையில் இல்லை. மீ சன் கோயில்களில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தாய். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மன்னர்கள் சிவனுக்கு எழுப்பிய அந்தச் செங்கல் கோபுரங்கள் 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தது போக மிச்சம் நிற்பதை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாப் படத்திலும் நீ இருக்கிறாய், ஒன்றில்கூட அவள் இல்லை. அத்தனையையும் எடுத்தவள் யார் என்று அம்மாதான் கேட்டாள்.

நாளைக்கே அவளுக்கும் ஒரு சிம் வாங்கிக் கொடு. இருவர் கைபேசியிலும் வியட்நாமிய மொழிக் கோப்பைத் தரவிறக்கி வையுங்கள். மலைப்பகுதியில் சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்யும். ஒரு நாள் நீ வழி கேள், அவள் பணத்தைப் பார்க்கட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுநரும் நடத்துநரும் நாள் முழுவதும் ஒரே வண்டியில் கிடப்பதைப் போன்றதுதான் உங்கள் பயணமும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்று நாங்கள் முடிவு செய்து வைத்திருந்ததால்தான், முகம் பார்க்காத நாட்களிலும் வண்டி ஓடியது. நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல உங்களுக்குள்ளும் ஒரு சொல் இருக்கட்டும். அதைக் கேட்டால் மற்றவள் காரணம் கேட்காமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஹுவேக்குப் பகல் ரயிலில் போங்கள். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் அந்த 1,726 கிலோமீட்டர் பாதை 1936-இல் முழுமையடைந்து, போரில் துண்டுபட்டு, 1976-இல் மறுபடியும் இணைந்தது. அதில் ஹாய் வான் மலையோரம் கடலை ஒட்டிப் போகிற பகுதி உங்களுக்கு இப்போதுதான் வருகிறது. வடக்கே போகும்போது கடல் வலப்பக்கம் இருக்கும்; சன்னலோர இருக்கையைப் பாதி வழியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹா ஜியாங் மலையில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கப் போவதாகச் சொன்னாய். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம் நாட்டில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவதை. ஆகவே நீங்கள் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். விழுந்தால் காப்பீட்டுக்காரரும் அதையே சொல்லிக் கையை விரித்துவிடலாம். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் அனுபவமுள்ள லாரிக்காரர்களே கட்டுப்பாட்டை இழந்து நின்றதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஹா ஜியாங்கின் மா பி லெங் கணவாய் பனிமூட்டத்தில் அதைவிட எளிதாக இருக்கப்போவதில்லை. உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போகிற ஏற்பாடு அங்கே உண்டு. செலவு கூடினால் நான் அனுப்புகிறேன். இதற்கு அவளும் சரி சொல்ல வேண்டும், மேலே எழுதிய விதத்தில் கேட்டு.

அவள் சைவம் என்பதால் சாப்பாட்டுக்குச் ‘சாய்’ என்று பலகை வைத்த கடைகளைப் பாருங்கள். அமாவாசையும் பௌர்ணமியும் அங்கே பலர் சைவம் சாப்பிடும் நாட்கள் என்பதால் அன்றைக்கு எளிதாகக் கிடைக்கும். மற்றக் கடைகளில் கீரையிலும் மீனைப் புளிக்கவைத்து எடுத்த சாறு ஊற்றிவிடுவார்கள். போலீசுக்கு 113, தீயணைப்புக்கு 114, ஆம்புலன்சுக்கு 115. கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹனோய் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒன்பதரைக்குள், அதாவது இங்கே எட்டு மணிக்குள் பேசு. அம்மா சீக்கிரம் படுத்துவிடுகிறாள். கைபேசியை முதலில் உன் தோழியிடம் கொடு. இந்த ஆண்டு மாமரங்கள் பூவைக் கொட்டாமல் பிஞ்சு பிடித்துவிட்டன என்று அவளிடம் சொல்லச் சொல்லி அவள் அப்பா பர்கூரிலிருந்து எனக்குப் பேசினார்.

அன்புடன்,
அப்பா