கட்டடத்தை அளக்கிறோம், வெட்டிய மண்ணை அளப்பதில்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் வீடு கட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே 7 மீட்டர் உயர வரம்பைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அந்த வீட்டுக்கு இடம் பண்ணுவதற்காகப் பின்பக்கம் மலையை எத்தனை மீட்டர் செங்குத்தாக வெட்டினார்கள் என்பது பேச்சிலேயே வராது. மழைக்காலத்தில் உயிரை வாங்குவது அந்த வெட்டுதான். இதை விளக்க, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஒரு மலை நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள்.

சியரா லியோன் நாட்டின் தலைநகரம் ஃப்ரீடவுன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் 2015 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டு ஓடி வந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். சமதளத்தில் இடம் இல்லை. ஒரு சாரார் கடலோரச் சதுப்பில் குப்பையையும் மண்ணையும் கொட்டி மேடாக்கித் தகர வீடு போட்டார்கள். இன்னொரு சாரார் மேலே காட்டை அழித்து, சரிவை வெட்டிக் குடியேறினார்கள். அவர்களில் ஏழைகளும் உண்டு, மாடி வீடு கட்டிய வசதியானவர்களும் உண்டு. 2017ல் ஜூலை தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் பாதிக்குள் 1,040 மி.மீ. மழை கொட்டியது. வழக்கமான அளவைப் போல அது மூன்று மடங்கு. ஆகஸ்ட் 14 அதிகாலை, ரீஜண்ட் பகுதியில் சுகர் லோஃப் மலையின் ஒரு பக்கம் அப்படியே இறங்கியது. சேறும் பாறையும் ஓடை வழியாகக் கீழே லம்லி வரை போயின. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,141 பேர் என்று அரசு அறிவித்தது. மேலே வெட்டியவர்கள் மட்டும் மாளவில்லை, ஓடையோரம் சும்மா குடியிருந்தவர்களும் போனார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தபோது குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கங்களில் 40க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் 820, 911 மி.மீ. பெய்தது. மண்சரிவுகள் அப்போதும் ஏராளம், ஆனால் உயிரிழப்பு 2009ஐவிடக் குறைவு. அந்தச் சரிவுகளுக்கு அடியில் வீடுகள் குறைவாக இருந்ததே முக்கியமான காரணம் என்று கருதுகிறோம்.

நம் மலையின் பாறை கெட்டியான சார்னோகைட். அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய மண் படர்ந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது அந்த மண்ணின் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறிதளவு ஈரமே அவற்றை இழுத்துப் பிடிக்கும். அதனால் பிப்ரவரியில் பொக்லைன் வைத்து 5 மீட்டர் நேராக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். மேஸ்திரியும் வீட்டுக்காரரும் அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். தொடர்மழையில் மண் முழுக்க நனைந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது, எடையும் கூடுகிறது.

தடுப்புச் சுவர் கட்டியாயிற்றே என்பார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் 4.5 டன் விசையோடு தள்ளும். மண்ணின் அழுத்தம் தனி. உயரம் இரட்டித்து 6 மீட்டர் ஆனால் தண்ணீரின் தள்ளு விசை நான்கு மடங்காகி 18 டன்னாகும். ஒரே உயரமான சுவருக்குப் பதிலாக, நடுவே அகலமான படி விட்டு 3 மீட்டரில் இரண்டு சுவர்கள் கட்டச் சொல்வது இதனால்தான். படியின் அகலம் குறைந்தது ஒரு சுவரின் உயரமாவது இருக்கட்டும். குறுகலாக விட்டால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரின் முதுகில்தான் ஏறும்.

கருங்கல் சுவர் என்றால் 3 மீட்டர் உயரத்துக்கு அடிப்பகுதி ஒன்றரை முதல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதுவும் வெட்டிப் போட்ட மண்ணின் மேல் அல்லாமல் கெட்டித் தரையில் உட்கார வேண்டும். சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. அளவுக்கு ஜல்லி நிரப்பி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி போட வேண்டும். தேங்கும் தண்ணீர் வடிய, 75 அல்லது 100 மி.மீ. குழாய்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துப் பதிக்க வேண்டும். நடப்பது என்ன? தோண்டிய களிமண்ணையே பின்னால் தள்ளி மூடிவிடுகிறார்கள். குழாயின் உள்வாய் ஜல்லியில் திறக்காமல் களிமண்ணில் முட்டி நிற்கிறது. கடைசியில் சுவர் அழகாக இருக்கட்டும் என்று பூசும்போது வெளிவாயையும் அடைத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட சுவர் இல்லாத சுவரைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பி அதன் அடியில் படுக்கையறை கட்டுகிறார்கள்.

வெட்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, மழைநீரை மறிக்கும் வாய்க்கால் வேண்டும். அது கட்டாயம் சிமெண்ட் பூசிய வாய்க்காலாக இருக்க வேண்டும். வெறும் மண் வாய்க்கால் தண்ணீரைத் திரட்டிச் சரிவுக்குள்ளேயே இறக்கும். செங்குத்தான இடங்களில் படிப்படியாக இறக்கி வேகத்தைக் குறைத்து, இயற்கை ஓடையில் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கரையில் விடுவது தீர்வாகாது.

கூரைத் தண்ணீரும் சாதாரணமானது அல்ல. 100 சதுர மீட்டர் கூரையில் 820 மி.மீ. பெய்தால் 82,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் கிட்டத்தட்ட ஏழு. சமவெளி ஊர்களைப் பார்த்து இங்கேயும் வீட்டுப் பின்புறம் உறிஞ்சு குழி தோண்டி அதில் விடுகிறார்கள். சமவெளியில் நல்லது செய்யும் குழி, சரிவின் தலையில் இருந்தால் கேடு செய்யும். மலையில் மழைநீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிஞ்சியதைக் குழாய் வழியாக ஓடைக்கு இறக்குங்கள். கழிவறை உறிஞ்சு குழிக்கும் இதே விதிதான். ஐந்து பேர் உள்ள வீட்டிலிருந்து நாளுக்கு 500 லிட்டர் போனால், மழை இல்லாத நாளிலும் அந்தச் சரிவு நனைந்துகொண்டேதான் இருக்கும்.

மரம் நட்டால் போதும் என்ற நம்பிக்கையையும் அளந்து பார்க்க வேண்டும். வேர் மேல்மண்ணைப் பிடிக்கும். சரியும் தளம் அதற்கும் கீழே பல மீட்டரில் இருந்தால் மரத்தால் தடுக்க முடியாது, வெட்டு விளிம்பில் நிற்கும் பெரிய கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) பாரமும் ஆகும். உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்துக்கு வெட்டிவேரைவிட உள்ளூர்ப் புல்லும் சோலைப் புதர்களும் ஏற்றவை. ஃப்ரீடவுன் மாநகராட்சி 2020ல் பத்து லட்சம் மரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியபோது ஒன்றைச் சரியாகச் செய்தது. ஒவ்வொரு கன்றுக்கும் தனி எண் கொடுத்து, கைபேசிச் செயலியில் பதிந்து, திரும்பத் திரும்பப் போய்ப் பராமரித்துப் பதிவு செய்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. நட்ட எண்ணிக்கையோடு நிற்காமல் பிழைத்த எண்ணிக்கையையும் கேட்கும் ஏற்பாடு அது. நம் நடவு விழாக்களுக்கும் இது வேண்டும்.

அதே நகரம் செய்த இன்னொரு வேலை நமக்கு இன்னும் பயன்படும். சொத்து வரியைச் சீர்திருத்தியபோது செயற்கைக்கோள் படங்களை வைத்து எல்லாக் கட்டடங்களையும் எண்ணினார்கள். பதிவேட்டில் 57,000 ஆக இருந்த சொத்துகள் 1,20,000ஐத் தாண்டின. பாதிக்கும் மேல் கணக்கிலேயே இல்லாமல் இருந்திருக்கிறது. அப்போது அங்கே கட்டட அனுமதி மாநகராட்சியிடம் இல்லாமல் மத்திய அமைச்சகத்திடம் இருந்தது. சரிவைத் தினமும் பார்ப்பவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர்.

நம் மாவட்டத்தில் கட்டட அனுமதிக்கு வனம், கனிமம், வேளாண் பொறியியல் என்று பல துறைகள் கருத்துச் சொல்கின்றன. ஆனால் ஏற்கெனவே வெட்டிய சரிவுகளுக்கு ஒரு பதிவேடு தேவை. 2 மீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெட்டும் சர்வே எண், உயரம், சுவர், அதன் வடிகுழாய்த் துளைகள், மேல் வாய்க்கால், உறிஞ்சு குழி இருக்கும் இடம், ஒரு புகைப்படம் ஆகியவற்றோடு அதில் ஏற வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களில் ஊராட்சி, நகராட்சிப் பணியாளர்களே டேப்போடு போய் அளக்கலாம். புது மனுக்களில் கட்டட உயரத்தோடு வெட்டின் உயரத்தையும் கேட்டு, சுவரின் பின்பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். மூடிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஒரு நிபந்தனை உண்டு. இந்தப் பதிவேட்டை வைத்து யார் வீட்டையும் இடிக்கக் கூடாது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தாயகம் திரும்பியோரின் குடும்பங்கள் பல, குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வேறு இடம் கிடைக்காமல்தான் வீடு கட்டின. இடிப்பார்கள் என்ற பயம் வந்தால் மக்கள் வெட்டை மறைப்பார்கள். வாய்க்காலுக்கும் குழாய்க்கும் அரசு உதவி கிடைக்கும் என்றால் தாங்களாகவே காட்டுவார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது: சுவரின் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறங்கள், மேல் வாய்க்காலிலுள்ள பிளாஸ்டிக்கையும் சருகையும் அள்ளுங்கள். மழை தொடங்கியபின் வெட்டுக்கு மேலே பிறை வடிவில் விரிசல் தெரிந்தாலோ, வேலிக் கம்பமோ மரமோ புதிதாகச் சாய்ந்தாலோ, தெளிவாக வந்த ஊற்று கலங்கினாலோ திடீரென நின்றாலோ, கதவு இறுகிச் சாத்த முடியாமல் போனாலோ அன்றிரவு அந்த வீட்டில் படுக்க வேண்டாம். விரிசலை ஷீட் போட்டு மூடிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லி, கீழ் வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.