வெட்டுவது கத்தரி, தைப்பது செல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மரபணுத் திருத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'கெட்ட மரபணுவை வெட்டி எறிந்துவிட்டு நல்லதை ஒட்டுகிறார்கள்' என்ற ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. 30 வருடம் தாவரவியல் நடத்தியவள் நான். சிவப்பு மையை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிரிஸ்பர் என்ற கத்தரிக்கு வெட்ட மட்டும்தான் தெரியும். வழிகாட்டி ஆர்.என்.ஏ.வில் உள்ள இருபது எழுத்து (மரபணுச் சரத்தின் அடிப்படை அலகைத்தான் எழுத்து என்கிறேன்) இடத்தைக் காட்டும், கேஸ்-9 என்ற நொதி அங்கே டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் நறுக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அறுந்ததை ஒட்டிக்கொள்வது செல். அதுவும் அவசரத் தையல்: ஓரிரு எழுத்து விட்டுப்போகும், அல்லது கூடுதலாக நுழையும், மரபணு செயலிழக்கும். மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து 'இதைப் பார்த்துத் தை' என்று சொல்லவும் வழி உண்டு. செல் எப்போதாவதுதான் கேட்கும். இதுவரை கிடைத்த பலன்களில் பெரும்பகுதி, இருந்த ஒன்றைக் கெடுத்ததால் வந்ததுதான்.

தையல் எப்படி விழும் என்று முழுதாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. வயலும் ஆஸ்பத்திரியும் பிரிகிற இடம் இதுதான். கட்டுரை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக் கோதுமையில் பெரும்பாலான மரபணுக்கள் மும்மூன்று ஜோடியாக இருக்கும். சாம்பல் நோய்ப் பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடும் எம்.எல்.ஓ. மரபணுவை மூன்றிலும் ஒருசேர முடக்கியதாகச் சீன விஞ்ஞானிகள் 2014-இல் அறிவித்தார்கள். அதற்கு உதவியது கிரிஸ்பருக்கு மூத்த டேலன் என்ற கத்தரி. நோய் போயிற்று, ஆனால் செடி நோஞ்சானாக வளர்ந்தது. திருத்திய செடிகளில் ஒன்று மட்டும் நோயும் அண்டாமல், விளைச்சலும் குறையாமல் நின்றது. நோண்டிப் பார்த்தால், அதில் 3 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள் மொத்தமாகக் காணோம்! அந்த இழப்பால் பக்கத்து மரபணு ஒன்று விழித்துக்கொண்டு செடியைத் தேற்றியிருந்தது. இது 2022-இல் வெளிவந்தது. சரியாக விழாதவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நன்றாக வந்த ஒன்றை விதைக்கு வைத்துக்கொள்ளும் வசதி பயிரில் இருக்கிறது. நோயாளியை அப்படிப் பிடுங்கிப் போட முடியாதே.

அதனால்தான் மருத்துவத்தில் ரத்த நோய்கள் முந்திக்கொண்டன. ரத்தம் உண்டாக்கும் செல்களை வெளியே எடுத்து, திருத்தி, சோதித்து, அப்புறம் உள்ளே விடலாம். ஏறக்குறைய நாற்றங்கால் மாதிரி. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கேஸ்ஜெவி சிகிச்சை இப்படித்தான் நடக்கிறது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் அரிவாள் செல் சோகைக்கான சிகிச்சை அது. ஆனால் நோய்க்குக் காரணமான பிழையை அது தொடுவதே இல்லை. குழந்தை பிறந்த பிறகு கருக்கால ஹீமோகுளோபினை (கருவில் இருக்கும்போது சுரப்பதை) நிறுத்திவைக்கும் பி.சி.எல்.11.ஏ மரபணுவின் சுவிட்சை ரத்த செல்களில் உடைக்கிறது. பழைய ஹீமோகுளோபின் திரும்பச் சுரக்கிறது. அமெரிக்க அனுமதிக்காக மதிப்பிடப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஒரு வருடமாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை. ஆனால் திருத்திய செல்கள் குடியேற, பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் காலி செய்ய வேண்டும். அது பிள்ளைப்பேற்றையே பாதிக்கலாம். கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர் என்பதற்கும்தான்.

கல்லீரலை அப்படி வெளியே எடுத்துத் திருத்த முடியாது. 2025-இல் பிலடெல்பியாவில், கல்லீரல் நொதிக் குறையால் உடம்பில் அம்மோனியா சேரும் அரிய நோயோடு பிறந்த கைக்குழந்தைக்கென்றே ஒரு திருத்தம் தயாரித்துச் செலுத்தினார்கள். அதில் இரட்டை இழையை வெட்டவே இல்லை. ஒற்றை எழுத்தை மட்டும் மாற்றும் கருவியைப் பயன்படுத்தினார்கள். கோணல் தையலுக்குப் பயந்தவர்களின் தேர்வு அது என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்த இரட்டையர் விஷயம். 2018-இல் சீன விஞ்ஞானி ஹெ ஜியான்குய் கருவிலேயே திருத்திய குழந்தைகள் பிறந்ததைக் கட்டுரை 'நெறிமீறல்' என்று சொல்லி முடித்துக்கொண்டது. நெறி ஒருபுறம் இருக்கட்டும், தையலைப் பாருங்கள். எச்.ஐ.வி.யைத் தடுக்கும், சிலருக்கு இயற்கையாகவே இருக்கிற 32 எழுத்து இழப்பைக் கொண்டுவர நினைத்தார். இரண்டு குழந்தைகளுக்குமே அது கிடைக்கவில்லை, வேறு ஏதோ விழுந்தது. கருவிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதிக்கலாம், மற்ற செல்களில் என்ன நடந்தது என்று அவை சொல்லாது. அவருக்கு 3 வருடச் சிறை கிடைத்தது. அந்தப் பிள்ளைகளோ அந்தத் தையலோடுதான் வளர வேண்டும்.

முடிந்தால் அடுத்த இதழில் 'ஒட்டுகிறார்கள்' என்பதை 'செல் தானே ஒட்டிக்கொள்கிறது' என்று திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை