உருப்போடுவது உருவத்தை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மாணவர் பேச்சுச் சொற்கள் பற்றி வந்த துணுக்கில், 'உருப்போடுதல்' என்றால் பாடத்தின் உருவத்தை மனத்தில் பதிப்பது என்று போட்டிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உரு வேறு.

மந்திரத்தை ஒரு தடவை சொன்னால் ஓர் உரு. 'லட்சம் உரு ஏற்றினார்' என்பார்கள். 'உருவேறத் திருவேறும்' என்ற பழமொழியிலும் இதே உருதான். என் தாத்தா விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து 108 உரு போடுவார். ஜபமாலை கிடையாது. நான்கு விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டு எண்ணினால் 12. ஒரு சுற்று முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையை நகர்த்துவார். ஒன்பது கொட்டையும் நகர்ந்தால் கணக்கு முடிந்தது.

அவர் எழுந்ததும் அந்தக் கொட்டைகள் எனக்கு வரும். பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரு முறை முழுக்கச் சொல்லி ஒரு கொட்டை தள்ள வேண்டும். "எத்தனை உரு ஆச்சு?" என்பாரே தவிர, "படிச்சியா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு தடவை சொல்லிவிட்டு இரண்டு கொட்டை தள்ளியதும் உண்டு. "பதினாறேழு?" என்று இடையில் புகுந்து பிடித்துவிடுவார்.

நெட்டுருவும் இதே வீட்டுப் பிள்ளைதான். நெடிய எழுத்து நெட்டெழுத்து ஆவதுபோல, நெடிய உரு நெட்டுரு. என் வகுப்புப் பையன்கள் அதை 'நெட்ரு' ஆக்கி, பிறகு அதையும் விட்டுவிட்டு 'மக்கடிக்க'ப் போய்விட்டார்கள். அது 'மக் அப்' என்ற ஆங்கிலக் கொச்சையிலிருந்து வந்தது. நம்மூர் 'மக்கு'க்கும் அதற்கும் உறவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லியும், "மக்குதானே டீச்சர் மக்கடிப்பான்" என்று சிரிப்பார்கள். சிங்கப்பூரில் படிக்கும் என் பேத்தி சொல்கிறாள், அங்கே விழுந்து விழுந்து படிக்கும் பிள்ளைக்கு 'மக்கர்' என்று பெயராம். இங்கே மக்கர் பண்ணுவது என் ஸ்கூட்டர்.

'வெறும் உருப்போட்ட படிப்பு' என்று துணுக்கில் ஏளனமாக ஒரு வரி இருந்தது. அதுதான் இதை எழுத வைத்தது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் புத்தகத்தில் உடுக்குறி (*) போட்ட மனப்பாடச் செய்யுளைப் பத்து உரு வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், சீர் எங்கே பிரிகிறது என்று என் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது.

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மன்னார்குடி.