கூரை வேலை முடிந்தது, மாப்பிள்ளை

பீவர்ட்டன், ஆரிகன்
செப்டம்பர் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ, தங்கச்சி, அத்தை, பிள்ளைகள் நலம்தானே? பெரியவள் கல்லூரியில் சேர்ந்ததை ஊரெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டது, பெற்ற அப்பன் இன்னும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். இதற்குக் கட்டைவிரல் செல்லாது.

சேதி என்னவென்றால், வண்டியின் கூரை வேலை முடிந்துவிட்டது. இந்த வாரம் முதல் மழையும் பெய்துவிட்டது. உள்ளே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது விரிவாகச் சொல்லியாக வேண்டும். என் வீட்டிலிருக்கும் உன் தங்கச்சி "சொன்ன வரைக்கும் போதும்" என்றுவிட்டாள். ஆகவே நீ.

போன வருஷம் படம் அனுப்பினேனே, அந்த மோட்டார்ஹோம், படுக்கை, சமையல், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. நீகூட "பொருட்காட்சி வேன்" என்று எழுதினாய். (உன் தங்கச்சி அதை மறக்கவில்லை, நேரில் பேசிக்கொள்கிறாளாம்.) 2001-இல் செய்தது. ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டம், பத்து சிலிண்டர் எஞ்சின், ஓட்டுபவர் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு படுக்கை. எஞ்சினில் இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய மோட்டார்ஹோம் வாங்க வருகிறவர்கள் எஞ்சினைக் கேட்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் இந்த வண்டிகளைச் சாகடிப்பது எஞ்சின் இல்லை, தண்ணீர். ஏணியில் ஏறிக் கூரையைப் பார்த்த பிறகுதான் விலையே பேச வேண்டும்.

அந்தக் கூரை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது தெரியுமா? அடியில் மெல்லிய உட்கூரைப் பலகை. அதற்கு மேல் பைன் மரச் சட்டங்கள், இடையிடையே குளிர் தாங்கும் பஞ்சு. மேலே மெல்லிய ப்ளைவுட். அதன்மேல் பசை தடவி ஒட்டிய ரப்பர் விரிப்பு, இ.பி.டி.எம். என்பார்கள், கனம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகிறோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பெட்டி முழுதும் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஓர் இணைப்பு மயிரிழை அளவு நகர்கிறது.

இத்தனைக்கும் விரிப்பு ஒழுகுவதில்லை. கிளை கிழிக்காத வரைக்கும் நல்ல ரப்பர் இருபது வருஷம் தாங்கும். ஒழுகுவதெல்லாம் நாம் வெட்டிய ஓட்டைகள். குளியலறைக் காற்றுப்போக்கி, சமையல் பக்கத்துக் காற்றுப்போக்கி, ஃபிரிட்ஜ் சூடு வெளியேறும் கூண்டு, கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய்கள், ஷவருக்கு மேலே வெளிச்சம் வரும் குமிழ், ஏசி, ஆன்டெனா, பின்னால் ஏணியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். ஒவ்வொன்றுக்கும் கூரையை வெட்டி, ஒரு விளிம்பை வைத்து, சுற்றி ஸ்க்ரூ முடுக்கி, மேலே சீலன்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, பூசியிருக்கிறார்கள். இவை போதாதென்று முன்பக்கமும் பின்பக்கமும் கூரை சுவரைச் சந்திக்கும் நீண்ட மூட்டுகள்.

எங்கள் வண்டியில் கசிந்த இடத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவாய். மேல் படுக்கையின் வலது மூலையில் சுவர்த்தாள் லேசாக உப்பியிருந்தது. மெத்தையைத் தூக்கினால் புழுக்க வாடை. விரலால் அழுத்தினால் பலகை உள்ளே போனது. ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு, இரண்டு ஊசிகளை மரத்தில் குத்திப் பார்ப்பது. நன்றாகக் காய்ந்த மரத்தில் 15 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். 20-ஐத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கதவு திறந்தாயிற்று என்று பொருள். அந்த மூலையில் அதற்கும் மேலே போயிற்று. ஆனால் அந்த மூலைக்கு நேர் மேலே கூரையில் ஒரு ஓட்டையும் கிடையாது!

தண்ணீர் புகுந்தது வண்டியின் நெற்றியில். முகப்பில் வரிசையாக ஐந்து ஆரஞ்சு விளக்குகள் இருக்குமே, அகலமான வண்டி வருகிறது என்று எதிரே வருபவருக்குக் காட்ட, அவைதான் குற்றவாளிகள். ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் ஒயர் நுழைய ஒரு துளை. துளையை மறைத்த நுரைவார் வெயிலில் காய்ந்து பொடியாகிவிட்டது. மழைத்தண்ணீர் அதன் வழியே நுழைந்து, சுவரின் உட்புறத்தில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தாழ்ந்த மூலையில் போய்த் தங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கறை ஓர் இடம், தண்ணீர் நுழைந்த வாசல் வேறோர் இடம். கறை தெரிகிற அன்றைக்கு உள்ளே வேலை எப்போதோ நடந்து முடிந்திருக்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள், பின்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது என் புலம்பல். முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர் கசிவைக் கண்டதும் கூரை மூட்டுகளெல்லாவற்றிலும் குளியலறைக்குப் போடுகிற சிலிக்கானைப் பிதுக்கி அப்பியிருக்கிறார். மாப்பிள்ளை, பழைய வண்டியில் சிலிக்கான் போல ஒரு சத்துரு கிடையாது. ரப்பரோடு அது சரியாக ஒட்டாது, ஓரத்தில் உரிந்து ஈரத்தைத் தனக்கடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. சரியான கூரை சீலன்ட் போடப்பட்டிருந்தால், உரியாத பழையதைத் துடைத்துவிட்டு மேலேயே புதிதாகப் பூசலாம். சிலிக்கான் என்றால் கடைசித் துணுக்கு வரை சுரண்டியாக வேண்டும். ரப்பர் கிழியக்கூடாது என்பதால் பிளாஸ்டிக் கரண்டிதான். பெட்ரோல், மண்ணெண்ணெய் வகை எதையும் தொடக்கூடாது, ரப்பர் ஊதிப்போய் அடிப்பலகையை விட்டுக் கிளம்பிவிடும். முட்டி போட ஒரு பலகையை விரித்துக்கொண்டு ஜூலை மாதச் சனி ஞாயிறெல்லாம் கூரைமேல் சுரண்டிக் கழிந்தன. நம் விடுதி மெஸ் அண்ணாச்சி அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்கும்போது சொல்வாரே ஒன்று, அதைத் தினமும் நினைத்துக்கொண்டேன்.

சுரண்டி முடித்த பிறகு வேலை இனிமையாகிவிட்டது. உள்ளே மூலைப் பலகையைப் பிரித்து, உளுத்த சட்டங்களை அறுத்து எடுத்து, நனைந்த பஞ்சைத் தூக்கிப் போட்டு, ஃபேனையும் ஈரமுறிஞ்சியையும் ஓடவிட்டு, ஊசிக்கருவி சரி என்று சொல்லும்வரை காத்திருந்து, புதுச் சட்டம் சேர்த்தேன். இந்தக் காத்திருப்பைத்தான் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஈரத்தை உள்ளே வைத்து மேலே மூடினால் பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி.

வெளியே ஒவ்வொரு விளிம்பையும் கழற்றி, கல்லாகிப் போயிருந்த பழைய அடைப்புப் பசையை வழித்து, ப்யூட்டைல் என்ற ரப்பர்ப் பசையாலான புது டேப் வைத்து, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போட்டேன். ப்யூட்டைல் கறுப்பாக, பிசுபிசுவென்று, ஸ்க்ரூவை முடுக்க முடுக்க ஓரத்தில் பிதுங்கி வரும். மறுநாள் வந்து இன்னொரு சுற்று முடுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட வேண்டும். உண்மையில் தண்ணீரைத் தடுப்பது அதுதான். மேலே தெரிகிற வெள்ளைப் பூச்சு இரண்டாம் காவல். அந்தப் பூச்சிலும் இரண்டு ஜாதி உண்டு. தட்டையான இடத்துக்குத் தானே பரவிச் சமமாகிற வகை: ஸ்க்ரூத் தலைமேல் விட்டுவிட்டு நாம் கையை எடுத்துக்கொள்ளலாம், அதுவே வட்டமாக இறங்கி மூடிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். செங்குத்தான இடத்தில் அதைப் போட்டால் சுவரெல்லாம் வழிந்துவிடும், அங்கே வழியாத கெட்டி வகை. நெற்றி விளக்குகளுக்கு அந்தக் கெட்டி வகைதான். முன்மூட்டுக்கும் பின்மூட்டுக்கும் எடெர்னாபாண்ட் என்ற அகலமான டேப்பை ஒட்டி உருளையால் அழுத்தினேன். வைத்த இடம் வைத்ததுதான், உரித்து நேர் பார்க்கும் பேச்சே கிடையாது.

ஏசியைச் சுற்றி மட்டும் வெளியிலிருந்து எதையும் பூசக்கூடாது. அது இடைவெளியை அடைக்கும் கனமான நுரை விளிம்பின்மேல், கேஸ்கட் என்பார்கள், உட்கார்ந்திருக்கிறது. உள்ளேயிருந்து நான்கு நீளப் போல்ட்டுகள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. கசிந்தால் போல்ட்டைக் கொஞ்சம் முடுக்க வேண்டும், கேஸ்கட் நசுங்கித் தட்டையாகியிருந்தால் மாற்ற வேண்டும். வெளியே பூசினால் அடியில் சேரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேதான் இறங்கும்.

"அங்கே என்ன அப்படியொரு மழை" என்பாய். கணக்குக்கு இங்கே மழை குறைவுதான். சென்னையில் வருஷத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது, எங்கள் ஊரை ஒட்டிய போர்ட்லாந்து பக்கம் 900 சொச்சம். ஆனால் சென்னை மழை கொட்டிவிட்டு வெயிலுக்கு வழிவிடும். இங்கே அக்டோபரில் தொடங்கினால் மே வரை நசநசவென்று தூறல். தென்காசிக்காரனுக்குச் சாரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சாரல் குளிரோடு எட்டு மாதம் நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார். கூரை காயவே காயாது. போதாக்குறைக்கு இடுக்கில் நின்ற தண்ணீர் சில இரவுகளில் உறைந்து விரிந்து இடுக்கை இன்னும் அகலமாக்கும். ஜூலையும் ஆகஸ்டும்தான் வேலைக்கான மாதங்கள். அவற்றை விட்டால் அடுத்த வருஷம்தான்.

இனி நீ கட்டைவிரல் காட்ட முடியாத விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் பின்னறையின் கூரையைப் பார்த்தேன். "பூச்சு கொஞ்சம் விழுந்தது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பட்டி பார்த்துவிடலாம்" என்று கீழே எழுதியிருந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் மாப்பிள்ளை. விழுந்தது பூச்சு மட்டும் இல்லை. துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கம்பி துருவாகும்போது பல மடங்கு பருக்கும், பருத்துத் தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளேயிருந்து உடைத்துத் தள்ளும். பட்டி வைத்து மூடினால் துரு நிற்காது, உனக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். அடுத்த தடவை விழுவது எவ்வளவு பெரிய துண்டு என்று யாருக்கும் தெரியாது. அதன் கீழேதான் அத்தையின் கட்டில் கிடக்கிறது.

கடிதம் கிடைத்த அன்றைக்கே கட்டிலை முன்னறைக்கு மாற்று. அத்தை மறுப்பார், மாமா இருந்த அறை என்பார். நான் சொன்னதாகச் சொல், முடியாவிட்டால் எனக்கு ஃபோனைப் போட்டு அவரிடம் கொடு. அப்புறம், கொத்தனாரை மட்டும் கூப்பிடாதே, கட்டட எஞ்சினியர் ஒருவரை ஒருமுறை வந்து தட்டிப் பார்க்கச் சொல். உளுத்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, அதற்கான பூச்சடித்துப் பிறகுதான் மூட வேண்டும். கம்பி ரொம்ப இளைத்திருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும்.

அதற்கு முன்னால் மாடியில் ஏறிப் பார். தளத்தில் பதித்த தட்டோடுகள் நன்றாக இருக்கின்றன என்று திரும்பிவிடாதே. கைப்பிடிச்சுவர் தளத்தைச் சந்திக்கும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால்கள், நீ டிஷ் ஆன்டெனாவுக்குப் போட்ட போல்ட் துளைகள், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றி வாட்டம் சரியாக இருக்கிறதா, எங்காவது தேங்குகிறதா என்று பார். கறை பின்னறையில் இருப்பதால் ஓட்டையும் அதற்கு மேலேதான் இருக்கும் என்று நினைக்காதே. வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாள் இல்லை. பணம் பற்றிய பேச்சு நமக்குள் வேண்டாம். நான் அனுப்புகிறேன், பெரியவள் வேலைக்குப் போனதும் எனக்குத் திருப்பித் தரட்டும்.

அடுத்த ஜூலைக்கு விசா வேலையை இப்போதே தொடங்கு. இங்கிருந்து தெற்கே கிரேட்டர் லேக் போகலாம் என்றிருக்கிறோம். எரிமலை இடிந்து உள்ளே விழுந்த பள்ளத்தில் நிற்கிற ஏரி, ஆழம் 594 மீட்டர், அமெரிக்காவிலேயே ஆழமானது. அந்த நீலத்தை நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். பனி விலகி ஏரியைச் சுற்றிய சாலை திறக்கவே ஜூலை ஆகிவிடும். மேல் படுக்கை உனக்கும் தங்கச்சிக்கும். ஏற முடியுமா என்று கேட்காதே, விடுதி மதில் ஏறியவன்தானே நீ.

நம் பழைய கூட்டாளி ஒட்டடைக்குச்சி சென்னைக்கு வந்திருக்கிறானாம். பார்த்தால் அந்தக் குடையைக் கேள். நாற்பது வருஷமானாலும் கடன் கடன்தான்.

கட்டிலை மாற்றியதும் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை